இ-பாஸ் கணக்கில் அடிவாரத்துக்கு இடம் உண்டா?

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக வேண்டுமென்றால் இ-பாஸ் கட்டாயம் என்ற நடைமுறை 2024 மே 7-ம் தேதி தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு பிறப்பித்த உத்தரவு அது. முதலில் விண்ணப்பித்த எல்லோருக்கும் பாஸ் கிடைத்தது. எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே அப்போதைய நோக்கம். அடுத்த ஆண்டு கோடை சீசனில் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி. நீலகிரிக்கு முறையே 6,000, 8,000. அரசுப் பேருந்துக்கும், மலையில் குடியிருப்போர் வண்டிக்கும், விளைபொருள் ஏற்றும் வண்டிக்கும் விலக்கு. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு ஐஐடி சென்னை, ஐஐஎம் பெங்களூரு ஆகிய நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்த விவாதம் முழுக்க இரண்டு தரப்புக்குள் அடங்கிவிட்டது. ஒரு பக்கம் விடுதி உரிமையாளர்களும் வணிகர்களும்; நீலகிரியில் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடத்தினார்கள். மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க வேண்டும் என்போர். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மலைக்குக் கீழே, வத்தலக்குண்டிலும் காமக்காபட்டி வரையிலான சாலையோர ஊர்களிலும் இருந்து பார்க்கும் நமக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அனுமதிச் சீட்டின் விதி மாறினால் அரசுக்கும் நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் வரும் பணத்தில் என்ன மாறும்? எந்தக் கஜானாவில் கூடும், எதில் குறையும்? குறைந்தால் யார் தலையில் விடியும்? இதற்கு எழுத்தில் ஒரு பதில் கூட இல்லை.

இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. அதனாலேயே அதற்கும் வரவு செலவுக்கும் தொடர்பில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. பாஸ் இலவசம், பாஸைத் தாண்டி உள்ளே போனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சீட்டு. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நகராட்சி சுங்கச்சாவடி. கோக்கர்ஸ் வாக்கில் நகராட்சி நுழைவுக் கட்டணம். பிரையண்ட் பூங்காவில் தோட்டக்கலைத் துறை. தூண்பாறை, குணா குகை, மோயர் சதுக்கம், பைன் காடு எல்லாம் வனத்துறை. ஏரியில் படகு ஏறினால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில் கையில் இருந்தால் 2024 முதல் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. இத்தனை உண்டியலுக்கும் முன்னால் இருக்கும் ஒரே கதவுதான் இ-பாஸ். கதவை எவ்வளவு திறக்கிறோம் என்பதில்தான் உள்ளே விழும் காசு இருக்கிறது.

அளவு புரிவதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நாள் 4,000, இரண்டு நாள் 6,000 என்றால் வாரத்துக்கு 32,000 வண்டி. ஏப்ரல் முதல் ஜூன் வரை 13 வாரத்துக்கு 4 லட்சத்து 16 ஆயிரம். வரம்பு முழுவதும் நிரம்பி, ஒரு வண்டியால் எல்லா உண்டியலிலும் சேர்ந்து வெறும் 50 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொண்டாலும் 2 கோடியே 8 லட்சம் ரூபாய். இது நாம் கற்பனைக்கு எடுத்த தொகை. நான்கு பேர் ஏறிய காருக்கு உண்மையில் ஆகும் செலவை மலைக்குப் போய் வந்தவர்களே அறிவார்கள். இப்போது வரம்பை நாளுக்கு ஆயிரம் வண்டி குறைத்தால்? அதே 50 ரூபாய்க் கணக்கில் 45 லட்சத்து 50 ஆயிரம் போய்விடும். ஆணையில் ஓர் எண்ணை மாற்றி எழுதுவதன் விலை இது. அந்த எண்ணை மாற்றுவது தவறு என்று நாம் சொல்லவில்லை. மலையின் தாங்குதிறனுக்கு ஏற்ப அது மாறத்தான் வேண்டும். மாற்றும்போது விலை யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதைத்தான் கேட்கிறோம்.

வெட்டு எங்கே விழும்?

ஒரு மலை நகராட்சியின் செலவுப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நிரந்தர ஊழியர் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஓய்வூதியத்தில் கை வைக்க முடியாது. மின் கட்டணம், கடன் தவணை, நீதிமன்றம் சொன்ன வேலைகள் எதையும் தள்ளிப்போட முடியாது. வரவு குறைந்த ஆண்டில் சத்தமில்லாமல் குறைக்க முடிவது ஒன்றே ஒன்றுதான்: ஒப்பந்தத் தூய்மைப் பணி. டெண்டரில் ஆட்களின் எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்து எழுதினால் போதும். இருபது பேர் பார்த்த தெருவைப் பதினைந்து பேர் பார்ப்பார்கள். கையுறையும் காலணியும் அடுத்த மாதம் வரும் என்று சொல்லப்படும். வருங்கால வைப்பு நிதி பிடித்தம் போன இடம் தெரியாது.

தமிழ்நாட்டில் அந்த வேலையில் இருப்பவர்கள் யார் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அருந்ததியர், அதிலும் பெண்கள். தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்ததையும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதையும் நாடே பார்த்தது. பெருநகரத்தில் அது செய்தியானது. மலை நகரத்தில் சீசன் முடிந்ததும் பத்துப் பேரை நிறுத்தினால் அது செய்தியும் ஆவதில்லை.

வண்டி குறைந்தால் குப்பையும் குறையும், வேலையும் குறையும், ஆள் குறைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். கேட்பவர் குப்பை அள்ளியவராக இருக்க மாட்டார். குப்பை வண்டியின் எண்ணிக்கையில் வருவதில்லை. தங்கும் ஆள், தங்கும் நாள், விடுதிச் சமையலறை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் வருகிறது. சனி, ஞாயிறு கூட்டத்தைத் திங்கள், செவ்வாய்க்கு நகர்த்துவதுதான் வரம்பு செய்யும் முதல் காரியம். முன்பு வாரத்தில் இரண்டு நாள் முதுகு ஒடிந்தது என்றால் இனி ஏழு நாளும் சீராக ஒடியும். அரசுப் பேருந்துக்கு வரம்பு இல்லை என்பதும் சரியான முடிவே. ஏழைகள் மலை பார்க்க அது ஒன்றே வழி. ஆனால் பேருந்தில் வருபவருக்கும் கழிப்பறை வேண்டும், அவர் சாப்பிட்ட இலைக்கும் தொட்டி வேண்டும். வண்டிக் கணக்கில் இது வராது.

கழிவுநீர்த் தொட்டி பற்றி இன்னொரு வரி. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. தொட்டியிலும் சாக்கடையிலும் இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சுற்றுலா வரவைப் பற்றிப் பேசுகிற எந்த அறிக்கையிலாவது கழிவு அகற்றும் எந்திரங்களின் விலை செலவாகக் காட்டப்பட்டிருக்கிறதா? எந்திரம் வாங்காத ஊரில் அந்தச் செலவை மனித உடம்பு ஏற்றுக்கொள்கிறது. வரவு மட்டும் ரூபாயில் எழுதப்படுகிறது.

கீழே நிற்கும் ஊர்

மலைக்குப் போகும் கூட்டத்தில் பெரும்பகுதி வத்தலக்குண்டு வழியாகத்தான் ஏறுகிறது. கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினாலும், திண்டுக்கல்லில் இருந்து வந்தாலும், மதுரையில் இருந்து வந்தாலும் இங்கே ஒரு நிறுத்தம். மலையேறினால் வாந்தி வரும் குழந்தைக்கு எலுமிச்சை வாங்குவது, இட்லி சாப்பிடுவது, கழிப்பறைக்குப் போவது எல்லாம் இங்கே. லாஸ் காட் ரோடு வருவதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்தில் இருந்து துரைகளையும் துரைசானிகளையும் கூலிகள் டோலியில் தூக்கிப் போனார்கள். சாலை வந்த பிறகு போக்குவரத்து இந்தப் பக்கம் திரும்பியது. டோலி தூக்கிய தோள்கள் யாருடையவை என்று எந்தக் கையேடும் பெயர் சொல்வதில்லை. மலைக்கு அடிவாரம் செய்த வேலை எந்தக் காலத்திலும் கணக்கில் ஏறியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இன்றைய நிலவரமும் அதிலிருந்து வெகுதூரம் போகவில்லை. மேலே நகராட்சிக்குச் சுங்கம் உண்டு. கீழே வத்தலக்குண்டு பேரூராட்சிக்கு அதில் ஒரு காசு இல்லை. சுற்றுலாக்காரர்கள் விட்டுப்போகும் குப்பை மட்டும் உண்டு. பேரூராட்சியின் சொந்த வரவு என்பது சொத்து வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை போன்றவை. காட் ரோடு தொடங்கும் இடத்து ஊராட்சிகளுக்கு அவ்வளவும் கிடையாது. போதாக்குறைக்கு நமது மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. இடஒதுக்கீட்டில் வென்று நாற்காலியில் உட்காரவே போராடிய தலித் தலைவர்களின் இடமும் அதோடு காலியானது. வரம்பு 4,000 என்று முடிவான வேளையில் அடிவார ஊராட்சிகள் சார்பில் கருத்துச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

சாலையோரத்தில் கொய்யாவும் வேர்க்கடலையும் வெள்ளரியும் பூவும் விற்கும் பெண்களின் வருமானம் வண்டியின் எண்ணிக்கையோடு நேரடியாகக் கட்டப்பட்டது. அவர்களுக்கு முன்பதிவு கிடையாது. நின்ற வண்டிதான் வியாபாரம். விடுதிக்காரருக்கு வரம்பு வந்தால் அறை வாடகையை ஏற்றிக்கொள்வார்; ஆள் குறைந்தாலும் தொகை குறையாது. கூடைக்காரப் பெண் கொய்யாவின் விலையை அப்படி ஏற்ற முடியாது. ஒரே உத்தரவு மேலே இருப்பவருக்கு விலையேற்றமாகவும் கீழே இருப்பவருக்குப் பட்டினியாகவும் ஆகிற விதம் இது.

ஓட்டுநர்களின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. தாட்கோ மூலம் வாகனக் கடன் வாங்கி வேனோ காரோ ஓட்டும் தலித் இளைஞர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள். 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது. நல்ல திட்டம். ஆனால் வண்டி வாங்க ஒரு துறை மானியம் கொடுக்க, அந்த வண்டி மலையேறும் நடைகளை இன்னொரு ஏற்பாடு குறைத்தால், மானியத்தின் பலன் என்ன ஆகும்? தவணை தவறினால் அது வங்கியின் வாராக்கடன் பட்டியலில் சேரும். இ-பாஸின் விளைவாக யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை மலைக்கு வரும் சொந்தக் காரும், தினம் பிழைப்புக்காக ஏறும் வாடகை வேனும் ஒரே வரிசையில் போட்டியிடுவது நியாயமில்லை. அடிவார ஊர்களில் பதிவான வாடகை வண்டிகளை உள்ளூர் வண்டிகளாகவே நடத்த வேண்டும் என்ற விதி ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.

கணக்குப் போட்டு முடிவெடுப்பது

இப்படியொரு கணக்கை முன்கூட்டியே போட முடியுமா என்று கேட்கலாம். போடுகிறார்கள். அமெரிக்காவில் காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகம் என்று ஒன்று 1974-ல் உருவாக்கப்பட்டது. நாடாளுமன்றக் குழுவில் தேறிய ஏறக்குறைய ஒவ்வொரு மசோதாவுக்கும், அது சட்டமானால் வரவு எவ்வளவு மாறும், செலவு எவ்வளவு மாறும் என்று அந்த அலுவலகம் மதிப்பீடு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பொது நிலங்களில் மலையேற்றம், படகு, வழிகாட்டி வேலை ஆகியவற்றுக்கான அனுமதியை எளிமையாக்கும் சட்டம் 2025 ஜனவரியில் அங்கே வந்தது. அதுபோன்ற மசோதாக்களுக்கும் அந்த மதிப்பீடு உண்டு. அதைவிட நமக்குப் பயன்படும் செய்தி 2004-ம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பொது நிலப் பொழுதுபோக்கு இடங்களில் வசூலாகும் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், பொதுவாக, வசூலான இடத்துக்கே செலவழிக்கப்பட வேண்டும் என்கிறது அது. கழிப்பறை, பாதை, குப்பை, பாதுகாப்பு எல்லாம் அந்தப் பணத்திலேயே. அந்த நிலம் முதலில் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது வேறு கதை. அமெரிக்காவை நாம் இங்கே முன்மாதிரியாக ஆராதிக்கவில்லை. கணக்கு எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

நம் சட்டமன்றத்திலும் செலவு வைக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்புரை இணைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் நாம் பேசுகிற மாற்றம் மசோதாவாக வரவில்லை. நீதிமன்ற உத்தரவாகவும், ஆட்சியர் அறிவிப்பாகவும், துறைச் சுற்றறிக்கையாகவும் வந்தது. அவற்றுக்கு நிதிக் குறிப்புரை தேவையில்லை. நீதிமன்றம் மலையைக் காப்பாற்றச் சொன்னது. பணத்தைப் பங்கிடுவது அதன் வேலையல்ல. அந்த இடத்தில் மாநில அரசு உட்கார்ந்து, இந்த வரம்பால் எந்த அமைப்புக்கு எவ்வளவு இழப்பு, அதை எதிலிருந்து ஈடுகட்டுவது என்று சொல்லியிருக்க வேண்டும்.

காட்டுப் பணமும் காட்டு மக்களும்

கொடைக்கானல் காடுகளில் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு 2013-ல் வன உயிரினச் சரணாலயமானது. அது சரணாலயம், முதுமலையையோ ஆனைமலையையோ போலப் புலிகள் காப்பகம் அல்ல. பெயரில் இருக்கும் இந்த வித்தியாசம் பணத்தில் பெரிய வித்தியாசம். 2006-ம் ஆண்டு வன உயிரினச் சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. சுற்றுலா வரவை அந்த அறக்கட்டளை வைத்துக்கொண்டு காப்பகத்துக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் செலவிடலாம். சரணாலயத்துக்கு அந்தச் சட்ட ஏற்பாடு இல்லை. அரசு வருவாயாகக் கட்டப்படும் வனக் கட்டணம் மாநிலத் தொகுப்பு நிதியில் 0406 என்ற வனத்துறைத் தலைப்பில் போய்ச் சேரும். அங்கிருந்து மலைக்குத் திரும்பி வர பட்ஜெட் மானியம், திட்ட ஒப்புதல், நிதி விடுவிப்பு என்று பல படி ஏற வேண்டும்.

இந்தக் காட்டில் பளியர்கள் வாழ்கிறார்கள். அட்டவணைப் பழங்குடியினர். தேன், கிழங்கு, கடுக்காய் என்று காட்டை நம்பிய வாழ்க்கை தேய்ந்து, இன்று பெரும்பாலும் காபி, ஏலத் தோட்டங்களின் கூலிகள். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் வந்த ஓர் இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016-ல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே வேலை நகர்ந்தது. எட்டு ஆண்டு போனது. அதற்குள் காட்டில் எந்த முனையில் நின்றால் காட்சி நன்றாக இருக்கும் என்று கண்டுபிடித்து வேலி போட்டுச் சீட்டு விற்கும் ஏற்பாடு வேரூன்றிவிட்டது. பேரிஜம் ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். நாளுக்கு இத்தனை வண்டி என்ற அளவும் உண்டு. அதாவது வரம்பு வைத்து அனுமதிப்பது இந்த மலைக்குப் புதிதில்லை. அனுமதிச் சீட்டு விற்பதில் பளியர் கிராம சபைக்குப் பங்கு என்பதுதான் புதிதாக இருக்கும்.

789 என்ற எண்

பத்தியின் தலையாய விஷயத்துக்கு வருகிறோம். வசூலான இடத்திலேயே பணம் நிற்க வேண்டும் என்று கேட்பது எளிது. நாமும் மேலே அதை நோக்கித்தான் எழுதி வந்தோம். அதில் நமக்கு ஒரு பொறி இருக்கிறது.

ஆதிதிராவிடர் துணைத் திட்டம் 1979-ல் சிறப்புக் கூறுத் திட்டம் என்ற பெயரில் பிறந்தது. மாநிலத் திட்டச் செலவில் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு தலித்துகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் உயிர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் 20.01 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். பட்ஜெட் புத்தகத்தில் இந்த ஒதுக்கீட்டைத் தேட 789 என்ற சிறு தலைப்பைப் பார்க்க வேண்டும், பழங்குடியினருக்கு 796. இந்த விகிதத்துக்குச் சட்ட பலம் வேண்டும் என்று பல ஆண்டு கேட்டதன் பயனாக 2024-ல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இந்த ஏற்பாடு முழுவதும் மாநிலக் கருவூலம் வழியாக ஓடும் திட்டப் பணத்துக்குத்தான். கருவூலத்தைத் தொடாமல் சுற்றுலாக் கழகத்திலும் அறக்கட்டளையிலும் சங்கங்களிலும் நகராட்சியின் சொந்த நிதியிலும் தங்கும் பணத்தின் மீது 789-க்குப் பிடி இல்லை. ஆக, கட்டணத்தைச் சென்னைக்கு அனுப்பினால் நம் மலைக்குத் திரும்புமா என்பது சந்தேகம். ஆனால் தத்துவத்திலாவது அதில் ஐந்தில் ஒரு பங்கு கேட்க முடியும். மலையிலேயே நிறுத்திக்கொண்டால் பணம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அதில் பங்கு கேட்கச் சட்ட வரி இருக்காது. உள்ளூரில் நிற்கும் பணம் உள்ளூர் மக்களுக்கு என்றால், உள்ளூரில் யாருக்கு என்ற அடுத்த கேள்வியை நம்மைத் தவிர வேறு யாரும் கேட்கப்போவதில்லை. குழுவில் யார் தலைவர், குத்தகை யார் எடுப்பார், கடை யாருக்குப் போகும் என்பதெல்லாம் சாதி முடிவு செய்கிற ஊர்களில் வாழ்கிறோம்.

எனவே கட்டணச் சீர்திருத்தம் எந்த வடிவில் வந்தாலும் அதன் உள்ளேயே பங்கு எழுதப்பட வேண்டும் என்பது நம் கருத்து. தங்கும் நிதியில் மக்கள்தொகை விகிதப் பங்கு தனிக் கணக்காக. அதிலிருந்து முதல் செலவு தூய்மைப் பணியாளர் ஊதியமும் கருவிகளும். சீசன் சரிந்தாலும் ஆள் எண்ணிக்கை குறையாது என்ற உறுதியோடு. சுற்றுலா இடங்களின் கடைகள், வாகன நிறுத்தக் குத்தகை, வழிகாட்டி உரிமம் ஆகியவற்றில் அரசு வேலைக்கு உள்ள அதே 18 சதவீதமும், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதமும், பழங்குடியினருக்கு 1 சதவீதமும். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அதில் தயங்கவும் காரணமில்லை. மலையில் பழங்குடியினரின் எண்ணிக்கை மாநிலச் சராசரியைப் போன்றதல்ல என்பதால் அங்கே 1 சதவீதம் என்பது கேலிக்கூத்து. வனக் கட்டணத்தில் பளியர் கிராம சபைகளுக்கு நேரடிப் பங்கு வேண்டும். அடிவாரப் பேரூராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் சுங்கத்தில் ஒரு பங்கு வேண்டும். குப்பையில் பங்கு இருக்கும்போது காசில் ஏன் கூடாது?

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைப்பது நல்லது. கார்களை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுச் சிறிய பேருந்துகளில் மக்களை மேலே கொண்டுபோகும் யோசனை அவ்வப்போது எழுகிறது. மலைக்கு அது நல்லது. அடிவாரத்துக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான வண்டிகளை நிறுத்த நிலம் வேண்டும். நிலம் தேடும் அதிகாரியின் கண் முதலில் புறம்போக்கு என்று எழுதிய ஏட்டின் மீதுதான் படும். ஏட்டில் புறம்போக்காக இருக்கும் இடத்தில் தரையில் பல ஊர்களில் காலனி வீடுகள் இருக்கின்றன, சுடுகாடு இருக்கிறது, ஆடு மேயும் கரை இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892-ல் தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் எப்படியெல்லாம் கைமாறின என்பது நமக்குத் தெரியும். வாகன நிறுத்தத்துக்கு இடம் அளக்கும் முன் அந்த நிலத்தின் பழைய ஆவணத்தைத் தாலுகா அலுவலகத்தில் எடுத்து வைக்க வேண்டும். அளந்த பிறகு தேடினால் கிடைக்காது.

வத்தலக்குண்டு இருக்கும் நிலக்கோட்டைச் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. அந்த இடத்தில் எந்தக் கட்சிக்காரர் இருந்தாலும், பட்ஜெட் கூட்டத்தொடரில் வனம், சுற்றுலா, நகராட்சி நிர்வாகம் ஆகிய மூன்று மானியக் கோரிக்கைகளிலும் எழுந்து இதைக் கேட்கலாம். அதுவரை நம் கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கொடைக்கானல் நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு: 2023 முதல் மாத வாரியாகச் சுங்க வசூல் எவ்வளவு, பசுமை வரி எவ்வளவு, அதே மாதங்களில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர். மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மனு: நுழைவுக் கட்டண வசூல் எவ்வளவு, அதில் கருவூலத்தில் கட்டியது எவ்வளவு, உள்ளூர்க் குழுக்களிடம் இருப்பது எவ்வளவு, குழுக்களில் பளியர் எத்தனை பேர். வத்தலக்குண்டு பேரூராட்சி செயல் அலுவலருக்கு ஒரு மனு: சீசன் மாதங்களில் குப்பை அகற்றும் கூடுதல் செலவு எவ்வளவு. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.